நிச்சயத்துக்குக் கிளம்பாத கார்

"யாரும் இறங்காதீங்க, எதையும் தொடாதீங்க! இப்ப விட்டா மறுபடி பிடிக்க முடியாது!"

கத்திக்கொண்டே பானட்டைத் தூக்கி நிறுத்தி, இன்ஜினுக்குள் தலையை நுழைத்தான் முரளி. மலைமேல் செம்மேட்டில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக்.

டிரைவர் சீட்டில் மிளகு விவசாயி ராசப்பன். பின் சீட்டில் அவருடைய அக்கா மாதம்மாள், மடியில் வெற்றிலை பாக்குத் தட்டோடு. பக்கத்தில், பட்டுப் புடவையில் முகம் வாடி, ராசப்பனின் மகள் சங்கீதா.

"மூணாவது தடவைடா ராசப்பா!" மாதம்மாள் ஆரம்பித்தாள். "தையில நிச்சயத்துக்குக் கிளம்பினோம், காரு அசையலை. பங்குனியிலயும் அசையலை. என் மவன் அடிவாரத்துக் கோயில்ல மாலையோட நிக்கிறான். இன்னிக்கும் கிளம்பலைன்னா, இந்தச் சம்பந்தம் சாமிக்கே புடிக்கலைன்னு விட்டுட்டுப் போயிடுவேன், ஆமா!"

"அப்படிச் சொல்லாதக்கா. தொட்டில்ல போட்டப்பவே உனக்குன்னு சொன்ன புள்ள. வாக்குன்னா வாக்குதான்." ராசப்பன் ஸ்டியரிங்கில் ஓங்கி அடித்தார். "சனியன் புடிச்ச காரு!"

சங்கீதா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கோயமுத்தூரில் அவளுக்கு நர்ஸ் வேலை கிடைத்திருந்தது. நாளைக் காலை போய்ச் சேர வேண்டும். நிச்சயம் முடிந்தால் வேலை என்ற பேச்சே கூடாது என்று அத்தை முன்பே சொல்லிவிட்டாள்.

"சரிவுல தள்ளிவிட்டா கிளம்பிடும் அத்தை," என்றான் முரளி.

"தள்ளிவிட்ட வண்டியில நிச்சயத்துக்குப் போறதா? வாயைக் கழுவுடா!"

"அப்ப வாடகை வண்டி?"

"பொண்ணு ஊட்டு வண்டியிலதான் தட்டு இறங்கணும். எங்க வழக்கம் அது. உனக்கு வண்டி பார்க்கத் தெரியுமா, தெரியாதா?"

முரளிக்குச் சுருக்கென்றது. முந்தைய இரண்டு தடவையும், போன் வந்து அவன் ஓடிவருவதற்குள் நல்ல நேரம் தாண்டிவிட்டது. காரோ, ராசப்பன் கையில் நல்ல பிள்ளையாக உறுமிக்கொண்டு நின்றது. வந்து வந்து போகிற கோளாறை, வந்த நேரத்தில் அமுக்கினால்தான் உண்டு. அதனால்தான் இன்றைக்கு இவர்கள் புடவை கட்டும்போதே வாசலில் வந்து நின்றுவிட்டான்.

"பெரியப்பா, லைட்டு போடுங்க."

பளிச்சென்று எரிந்தது.

"ஹாரன்?"

மிளகுக் கொடிக்குள் இருந்த கோழிகள் சிதறி ஓடின.

"பேட்டரி ஜம்முனு இருக்கு. சாவியைத் திருப்புங்க."

திருப்பினார். 'டிக்' என்ற சத்தம்கூட இல்லை.

"ஸ்டார்ட்டருக்குக் கரண்டே போகலை. நடுவுல எங்கியோ கட் ஆகுது."

"கட் ஆகுதா, கட் பண்ணாங்களா?" மாதம்மாள் மருமகள் பக்கம் திரும்பினாள். "காத்தால காருகிட்ட உனக்கு என்னடி வேலை?"

"கோழியைத் திறந்துவிடப் போனேன் அத்தை. கார் மேல கையே வைக்கலை."

"நிச்சயத்தன்னிக்கு மட்டும் நிக்கணும்னு காருக்கு நாள் பார்க்கத் தெரியுமா?"

"எம் பொண்ணைச் சொல்லாதக்கா!" ராசப்பன் சீறினார். "அவ அப்படிச் செய்யறவ இல்ல."

முரளி மறுபடி இன்ஜினுக்குள் குனிந்தான். பேட்டரி முனை, எர்த், பியூஸ், ரிலே என்று ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு வந்தான். எதிலும் அறுத்த தடம் இல்லை. படிந்திருந்த தூசிகூடக் கலையவில்லை. இன்ஜின் பக்கம் குற்றமில்லை. அப்படியானால் உள்ளே!

டிரைவர் பக்கக் கதவைத் திறந்து, செல்போன் வெளிச்சத்தோடு ஸ்டியரிங்குக்கு அடியில் தலையை விட்டான்.

"திருப்புங்க பெரியப்பா."

சத்தமில்லை.

"இன்னொரு தடவை."

அப்போதும் சத்தமில்லை. ஆனால் முரளி பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டான். மெல்ல வெளியே வந்தான். கையைத் துடைத்துக்கொண்டே சங்கீதாவை ஒரு கணம் பார்த்தான்.

"என்னடா, கண்டுபிடிச்சியா?" என்றாள் மாதம்மாள்.

"கண்டுபிடிச்சிட்டேன் அத்தை. ஸ்டார்ட்டர் மோட்டார் போயிடுச்சு. சேலத்துல இருந்து புதுசு வரணும். இன்னிக்கு இது கிளம்பாது."

மாதம்மாள் கண்ணை மூடி, மலைச்சாமியை நினைத்துக் கும்பிட்டாள். பிறகு காரை விட்டு இறங்கி, தட்டைத் தம்பி கையில் கொடுத்தாள்.

"சாமி உத்தரவு ஆயிடுச்சு. என் மவனுக்கு வேற இடம் பார்த்துக்கறேன். உம் மேல எனக்கு வருத்தம் இல்ல தம்பி. நீ வாக்கு மாறலை."

ராசப்பனும் இறங்கி, தலை குனிந்து நின்றார். கீழே போகிற பஸ் வந்தது. மாதம்மாளை ஏற்றிக்கொண்டு வளைவில் திரும்பி மறைந்தது.

ராசப்பன் மறுபடி டிரைவர் சீட்டில் போய் உட்கார்ந்தார். சங்கீதா முரளியிடம் ஓடிவந்தாள். கண் கலங்கியிருந்தது.

"நான்தான் ஏதோ செஞ்சேன்னு நினைச்சு, எனக்காகப் பொய் சொன்னீங்களாண்ணா? சத்தியமா நான் எதையும் அறுக்கலை."

"தெரியும் சங்கீதா. எதுவும் அறுந்து போகலை. இந்தக் காரு, கிளட்சை அடிவரைக்கும் மிதிச்சாத்தான் ஸ்டார்ட் ஆகும். கால் பாதியில நின்னுட்டா, சாவியை எவ்வளவு திருப்பினாலும் மூச்சு விடாது."

சொல்லிவிட்டு, ஜன்னல் வழியாக உள்ளே குனிந்தான்.

"போதும் பெரியப்பா, பஸ் போயிடுச்சு. இனி முழுசா மிதிங்க."

ராசப்பன் மகளை நிமிர்ந்து பார்க்காமலே, "பெட்டியை எடுத்துட்டு வா கண்ணு, கோயமுத்தூருக்கு நேரமாச்சு," என்றபடி சாவியைத் திருப்பினார். ஒரே திருப்பில் கார் உறுமியது.