எழுபத்தொன்றின் கீழே இரண்டு கோடுகள்

கூடைப்பந்து அரங்கத்தின் உயரச் சன்னல்களிலிருந்து இறங்கும் மாலை வெயில் ஸ்கோர் மேசையில் பாதியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. மீதியில் பேனாவும் கையுமாகக் கணக்கு டீச்சர். உள்ளூர் அணிக்குக் கேப்டன் அவளுடைய சொந்தத் தம்பிதான். ஆனாலும் மேசையில் உட்கார்ந்தவர் கைதட்டக் கூடாது. ஏழு ஆட்டத்தில் நான்கை ஜெயித்தால் கோப்பை. முதல் மூன்றை ஊதித் தள்ளினார்கள். அடுத்த மூன்றைக் கோட்டைவிட்டார்கள். இன்று ஏழாவது. இடைவேளையில் பத்தொன்பது பாயின்ட் முன்னால் இருந்தவர்கள், இப்போது எழுபதுக்கு எழுபத்தொன்று என்று ஒன்று பின்னால் நிற்கிறார்கள். கடைசி விநாடியில் தம்பி எறிந்த பந்து வளையத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வெளியே விழுகிறது. மணி அலறுகிறது. எதிரணி குதிக்கிற குதியில் பலகைத் தரை அதிர்ந்து, மேசைமேல் தண்ணீர் பாட்டில் நடுங்குகிறது. உள்ளூர்க்காரர்கள் முகத்தில் ஈயாடவில்லை.

ஆட்டம் முடிந்தால் இரண்டு அணியின் கடைசி எண்ணுக்கும் கீழே அழுத்தமாக இரண்டு கோடு போட வேண்டும். எழுபதுக்குப் போட்டாயிற்று. எழுபத்தொன்றின் அருகே பேனா சும்மா நிற்கிறது. துண்டைக்கூட எடுக்காமல் நேரே மேசைக்கு வந்து குனிகிறான் தம்பி. அவன் வியர்வை சொட்டிவிடாமல் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொள்கிறாள்.

"அக்கா, எங்கயாவது ஒரு பாயின்ட் விட்டுப்போயிருக்கும். எதுக்கும் இன்னொரு தடவ கூட்டிப் பாரேன்."

அவள் தலையை நிமிர்த்தவில்லை.

"மூணு தடவ கூட்டிட்டேன்டா."