ராமபாணத்தின் பசி

ஒரு புத்தக அலமாரியில், காகிதம் தின்று வாழும் ராமபாணப் பூச்சி ஒன்று இருந்தது. ஒருநாள் புதிதாக வந்த நாவலைக் கடிக்கப் போன இடத்தில், வாய் வைக்குமுன் முதல் வரியைப் படித்துவிட்டது. அவ்வளவுதான். கடிக்க மனமே வரவில்லை. பக்கம் பக்கமாகப் படித்துக்கொண்டே போனது. பட்டினியில் நூலாக இளைத்தது.

பக்கத்து இடுக்கிலிருந்த கரப்பான் பதறியது.

"ஏண்டி, படிச்சு முடிச்ச பக்கத்தையாவது தின்னேன்!"

"ஐயோ அக்கா, மறுபடி படிக்கணுமே!"

"அதுக்குள்ள செத்துப்போவேடி!"

பூச்சி மனசில்லாமல் நாவலை விட்டிறங்கி, மேல்தட்டுக்கு ஊர்ந்தது. அங்கிருந்த தடிமனான புத்தகம் ஒன்றை வயிறு புடைக்கத் தின்றது.

கரப்பானுக்கு ஆச்சரியம். "இதை மட்டும் படிக்காம தின்னுட்டியா?"

"நாலு வரி படிச்சேன் அக்கா. இலக்கிய விமர்சனம். படிக்கப் படிக்க நல்லாப் பசியெடுத்துச்சு."