முன்சீட்டுக்காரன்

"இன்னிக்குத்தான் கடைசி, ஹசிந்தா. அடுத்த ஞாயித்துக்கிழமை உன்னை வேற யாராவது கூட்டிட்டுப் போவாங்க" என்றான் நிக்கானோர்.

பின்சீட்டில் ஏறிக்கொண்டிருந்த ஹசிந்தாவின் கால் பெடலைத் தேடித் தடுமாறியது.

ஞாயிறு காலைகளில் மெக்சிகோ நகரத்து ரிஃபோர்மா சாலையில் கார்களுக்கு இடமில்லை. சைக்கிள்காரர்கள், ஓடுகிறவர்கள், நாயைப் பிடித்துக்கொண்டு நடக்கிறவர்கள் ஆகியோரின் ராஜ்ஜியம்தான். அந்தக் கூட்டத்தில் இரட்டை சைக்கிள்களும் ஓடும். முன்சீட்டில் கண் தெரிந்த தொண்டர், பின்சீட்டில் பார்வையில்லாதவர். முன்னால் இருப்பவர் வழியில் தெரிவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே போக வேண்டும். மூன்று வருடமாக ஹசிந்தாவுக்கு ஞாயிறு என்றால் நிக்கானோரின் குரல்தான்.

"மான்டெர்ரேக்குத்தானே? உங்கண்ணன் வேலைக்குக் கூப்பிட்டுக்கிட்டே இருந்தானே, கிளம்பிட்டியா?"

"மிதி, மிதி. நான் மட்டும்தான் உழைக்கிறேன்."

"பதில் சொல்லத் துப்பில்ல, பேச்சை மாத்துறான் பாரு!"

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் அது வெறும் கேலி இல்லை. வாரத்தில் ஆறு நாள் அவள் யாரையாவது அண்டி நடப்பவள். காற்று முகத்தில் அறைய அவள் வேகமாகப் போவது இந்த ஒரு நாள்தான். முன்னால் யாரை நம்பி உட்காருவது என்பது அவளுக்குச் சின்ன விஷயம் இல்லை.

"ஜகரந்தா மரமெல்லாம் பூத்திருக்கு" என்றான் நிக்கானோர். "ரெண்டு பக்கமும் ஊதா. இலையே இல்ல, வெறும் பூதான். கீழயும் கொட்டிக் கிடக்கு. ஒருத்தன் தொப்பி மேல நாலு பூ. அவனுக்கே தெரியல."

வழக்கமாக அவன் வர்ணனை கேலியாகத்தான் இருக்கும். போகிற வருகிறவர்களின் தொப்பையும் இறுக்கமான கால்சட்டையும் அவன் வாயில் படாதபாடு படும். இன்று ஒரு பூவைக்கூட விடாமல் சொன்னான். சைக்கிளும் நத்தையாக ஊர்ந்தது.

"ஹசிந்தா, உனக்குப் பார்வை போனப்ப பத்தொன்பது வயசுன்னு சொன்னே. நிறமெல்லாம் இன்னும் ஞாபகம் இருக்கா?"

மூன்று வருடத்தில் அவன் கேட்டிராத கேள்வி.

"மஞ்சள்தான் மொதல்ல மறந்துச்சு. ஊதா இன்னும் இருக்கு."

"முகம்?"

"யாரு முகம்?"

"உங்கம்மா முகம்."

"குரல் இருக்கு. முகம் கூப்பிட்டா வர்றதில்ல. எப்பவாவது கனவுல வரும்."

அவன் மறுபடி பூக்களைப் பற்றிச் சொல்லத் தொடங்கினான். அவனுக்கு ஆறு வயதில் ஒரு மகள். அவள் செய்த குறும்புகளைச் சொல்லாமல் ஒரு ஞாயிறும் முடிந்ததில்லை. இன்று அவள் பேரையே எடுக்கவில்லை.

சபுல்தெபெக் பூங்கா வாசலில் நிறுத்தி, ஆளுக்கொரு கோப்பை சூடான சோளக்கஞ்சி வாங்கினான்.

"வீட்ல இப்படிச் சூடா ஊத்துறப்ப கை வெந்துடாதா?"

"விரல் நுனியை விளிம்புக்குள்ள வெச்சுக்குவேன். சூடு தட்டினா நிறுத்திடணும். மொதல் மாசம் விரலெல்லாம் கொப்புளம்தான்."

"தெருவைத் தாண்டுறப்ப?"

ஹசிந்தாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "என்னடா இது, போற அன்னிக்கு இரக்கமா? மூணு வருஷத்துல நீ ஒரு நாள்கூட 'ஐயோ பாவம்'னு பேசினதில்ல. உன்கிட்ட எனக்குப் பிடிச்சதே அதுதான். அதையும் கெடுத்துட்டுப் போகாதே."

"இரக்கம் இல்ல, ஹசிந்தா."

"பின்ன என்ன?"

அவன் கோப்பைகளை வாங்கிக் குப்பைத்தொட்டியில் போட்டான். "ஏறு, போகலாம்."

ஏரிக்கரைப் பாதையில் திரும்பியபோது, இடது பக்கமிருந்து சங்கிலி உரசும் சத்தம் ஹசிந்தாவின் காதில் விழுந்தது. நெருங்கிக்கொண்டே வந்தது. நிக்கானோர் வேகத்தைக் குறைக்கவில்லை.

"இடது பக்கம் நாய்! நிறுத்து!"

பிரேக் கிறீச்சிட்டது. நாய் குரைத்தது. நாய்க்காரர் கத்தினார்: "கண்ணு என்ன பொடனியிலயா இருக்கு?"

"ஏண்டா, ஓட்டுறது நீயா நானா?" ஹசிந்தா சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான்.

"மிச்ச தூரம் தள்ளிக்கிட்டே நடந்துடுவோம்" என்றான்.

மனசு எப்போதோ மான்டெர்ரேக்குப் போய்விட்டது, உடம்பு மட்டும் இங்கே சைக்கிள் ஓட்டுகிறது என்று நினைத்துக்கொண்டாள். பின்சீட்டைப் பிடித்தபடி நடந்தாள். பூக்கள் செருப்புக்கடியில் நசுங்கின.

புறப்பட்ட இடத்தில், பெயர் எழுதும் மேசைக்குப் பின்னால் யோலி உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் எப்போதும் போல இரண்டு பட்டியல்கள் இருந்தன.

"யோலி, முன்சீட்டுல என் பேரை அடிச்சிடும்மா."

"நெசமாவே போறீங்களா? ஹசிந்தாக்கா பாவம்."

ஹசிந்தா பையிலிருந்து தன் வெள்ளைக் கம்பை எடுத்தாள். அழுகிற மூஞ்சியை அவனுக்குக் காட்ட அவளுக்கு இஷ்டமில்லை. "புது ஊர்ல நல்லா இரு. என்னை நினைச்சுக் கவலைப்படாதே" என்று முதுகைத் திருப்பிக்கொண்டே கம்பின் மடிப்பை ஒவ்வொன்றாக நீட்டினாள்.

"நான் எந்த ஊருக்கும் போகல, ஹசிந்தா." குரல் அவள் தோளுக்குப் பக்கத்திலேயே கேட்டது. "யோலி, அடிச்ச பேரைப் பின்சீட்டுப் பட்டியல்ல எழுதிக்கோ."

பிறகு அவன் கை தயங்கித் தயங்கி வந்து, அவள் கையிலிருந்த கம்பைத் தொட்டது.

"இது எந்தக் கடையில கிடைக்கும்?"