பின்னால் கட்டிய கைகள்

பால் பொங்கி வந்தது.

அம்மாவின் இடுப்பில் குழந்தை. பல் முளைக்கிற காய்ச்சலில் அழுதழுது ஓய்ந்து, அவள் தோளைக் கடித்துக்கொண்டிருந்தான். நாள் முழுக்கத் துணிக்கடையில் நின்றுவிட்டு வந்த கால்கள் அவளுடையவை போலவே இல்லை.

“கொஞ்சம் தம்பியைப் பிடி,” என்றாள் மகளிடம்.

மகள் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரம் நகர்ந்தாள்.

பால் வழிந்து அடுப்பு அணைந்தது. கருகிய வாடை. அம்மா ஒற்றைக் கையால் கேஸைத் திருகி மூடினாள்.

எதிர்வீட்டுச் சிநேகிதி வாலு போனதிலிருந்து இவள் இப்படித்தான்.

பள்ளிக்கூடம் விட்டால் இரண்டு பேரும் ஒன்றாகத்தான் திரிவார்கள். அன்றைக்குத் தெருவில் விளையாடிக்கொண்டிருந்த வாலு திடீரென்று சுருண்டு விழுந்தாள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

மகள் அழவில்லை. மறுநாளிலிருந்து தானே தலை வாரிக்கொண்டாள், கோணல்மாணலாக. பாயை இழுத்துக்கொண்டுபோய்க் கதவோரம் படுத்தாள். தண்ணீர் கேட்டால் தம்ளரைக் கையில் தராமல் தரையில் வைத்துவிட்டுப் போனாள். முன்பெல்லாம் தம்பியைக் கீழே இறக்கிவிடவே மாட்டாள். இப்போது அவன் தவழ்ந்து வந்தால் எழுந்து ஓடினாள்.

போகப் போகச் சரியாகிவிடும் என்றார் அப்பா. தம்பி மேல் பொறாமை என்றாள் அத்தை. உட்கார்ந்து யோசிக்க அம்மாவுக்கு ஏது நேரம்?

“பிடிச்சா கை தேஞ்சா போயிடும் உனக்கு?”

மகள் தரையைப் பார்த்தாள்.

“அவனும் விழுந்துடுவான்மா.”

“ஏன் விழறான்? கெட்டியாப் பிடிச்சுக்கோ.”

“அப்படி இல்லம்மா. வாலுவைத் துரத்திட்டுப் போய் நான்தான் தொட்டேன். அவுட்டுன்னு சொல்லித் தொட்டேன். உடனே விழுந்துட்டா.”

அம்மா குழந்தையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வாலுவுக்குப் பிறவியிலேயே இதயத்தில் கோளாறு. ஓடவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். அவளைப் பெற்றவள் ஒருநாள் வாசற்படியில் உட்கார்ந்து அம்மாவிடம் மட்டும் அதைச் சொன்னாள். பிள்ளைகளிடம் சொல்லிவிடாதே, தெரிந்தால் ஒருத்தரும் அவளை ஆட்டத்தில் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள் என்றாள்.

அம்மாவும் தலையாட்டினாள். மகளிடம்கூட மூச்சு விடவில்லை.

இனிச் சொல்லித்தான் ஆகவேண்டும். எங்கிருந்து தொடங்குவதென்றுதான் தெரியவில்லை.

எட்டி மகளின் கையைப் பிடித்தாள். அவள் வெடுக்கென்று இழுத்தாள். அம்மா விடவில்லை. அந்தச் சின்ன உள்ளங்கையைத் தன் கன்னத்தில் அழுத்தி வைத்துக்கொண்டு, மெதுவாகப் பேச ஆரம்பித்தாள்.

மகளின் காதில் ஒரு வார்த்தைகூட ஏறவில்லை. மூச்சை அடக்கிக்கொண்டு அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், எப்போது சாய்ந்து விழப்போகிறாளோ என்று.