வேனைக் காக்க வைத்தவர்

"தினமும் இருபது நிமிஷம் சார்! நாங்க எல்லாரும் வேன்ல உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கிட்டு இருப்போம். இவரு ஆடி அசைஞ்சு வருவாரு."

மேனேஜர் அறையில் சின்ன டிரைவர் பொரிந்து தள்ளினார். பக்கத்தில் பெரிய டிரைவர், தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார்.

இரண்டு பேரும் சுரங்க ரயில் ஓட்டுகிறவர்கள். ராத்திரி கடைசி ஸ்டேஷனில் சனங்களை இறக்கிவிட்டு, பெட்டி பெட்டியாக நடந்து பார்த்து, 'யாருமில்லை' என்று கையெழுத்துப் போட வேண்டும். அப்புறம்தான் வண்டியை உள் சுரங்கத்தில் கொண்டுபோய் நிறுத்தலாம். விடியும்வரை அங்கேதான் கிடக்கும். முன்னால் சின்னவர் வண்டி, அதன் வாலைத் தொட்டாற்போல் பெரியவர் வண்டி.

மேலே வந்தால், வீட்டில் கொண்டுபோய் விட எல்லாருக்கும் ஒரே வேன்.

"உள்ளேயே காலை நீட்டிப் படுத்துட்டு வர்றாரு, வேற என்ன? என் குழந்தைக்குக் காய்ச்சல் சார். அவ அம்மா ஒண்டியா முழிச்சுக்கிட்டுக் கிடக்கா."

மேனேஜர் நிமிர்ந்தார். "என்னங்க, தூங்குறீங்களா?"

"இல்லீங்க."

"அப்புறம்?"

பெரியவர் சின்னவரை ஒரு தரம் பார்த்தார். "முட்டி வலிங்க. வேகமா நடக்க முடியலை."

"முட்டி வலியை வச்சுக்கிட்டா ரயில் ஓட்டுறீங்க? நல்லாயிருக்கு! நாளையிலேருந்து டிக்கெட் கேட்ல உட்காருங்க."

"இன்னும் அஞ்சு மாசம்தானுங்க. ஓட்டிக்கிட்டே ரிட்டையர் ஆயிடலாம்னு..."

"முடியாது. போகலாம்."

வெளியே வந்ததும் சின்னவர் பெரியவரை நிறுத்தினார். வேன் நேரத்துக்குக் கிளம்பணும் என்றுதானே கேட்டார்? டிரைவர் சீட்டையே பிடுங்கச் சொல்லவில்லையே.

"அண்ணே, இவ்வளவு தூரம் போகும்னு..."

"விடு தம்பி. பாப்பாவுக்குக் காய்ச்சல் இறங்கிச்சா?"

கேட்டுவிட்டுப் பெரியவர் படியிறங்கினார். விறுவிறுவென்று, கைப்பிடியைக்கூடத் தொடாமல்.

"இவருக்கா முட்டி வலி?" சின்னவர் வாய்விட்டே கேட்டுவிட்டார்.

வேலை முடிந்து கையெழுத்துப் போட வந்த, ரயில் பெட்டி கூட்டும் அக்கா நின்றாள்.

"முட்டி வலின்னா சொன்னாரு? பாவி மனுசன்! போன மாசம் உன் வண்டியில ஒரு பொண்ணு தூங்கிட்டா தம்பி. வாயும் வயிறுமா இருந்தவ. உள்ளே கொண்டுபோய் விளக்கை அணைச்சிட்டு நீ வந்துட்டே. கண்ணாடியைத் தட்டித் தட்டிக் கத்தியிருக்கா. அவருதான் ஓடிப்போய்க் கைத்தாங்கலாக் கூட்டியாந்தாரு."

சின்னவர், பெரியவர் இறங்கிப்போன படியைத் திரும்பிப் பார்த்தார்.

"எங்கிட்ட ஒண்ணுதான் சொன்னாரு. 'வெளியே சொல்லாதே தாயி, கைக்குழந்தைக்காரன், வேலை போயிடும்'னு. அன்னையிலேருந்து தன் வண்டியை நிறுத்திட்டு, உன் வண்டியிலயும் பெட்டி பெட்டியா நடந்துட்டுத்தான் மேல வர்றாரு."

பெட்டிக்குள் ஏறிப் பார்ப்பதைச் சின்னவர் எப்போதோ விட்டிருந்தார். பிளாட்பாரத்திலிருந்தே ஜன்னல் வழியாக ஒரு பார்வை, ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்.

அக்காவின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. திரும்பிப் போய் மேனேஜர் கதவைத் தட்டினார்.

"மறுபடியும் என்னய்யா?"

"சார்... அந்த இருபது நிமிஷமும் நான் நடந்திருக்க வேண்டியது."