முக்கால் மணி நேரம்

முதலீட்டாளர் மூன்றாவது முறையாகக் கைக்கடிகாரத்தைப் பார்த்ததைக் கார்க்காரர் கவனித்துவிட்டார். வந்து அரை மணிகூட ஆகவில்லை. அதற்குள் கிளம்பிவிடுவார் போலிருந்தது.

கார்க்காரர் தயாரித்த மின்சாரக் காரை இதுவரை எத்தனையோ பணக்காரர்கள் வந்து தட்டிப் பார்த்துவிட்டு, "யோசிச்சுச் சொல்றோம்" என்று போயிருக்கிறார்கள். இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். இவரும் கையை விரித்துவிட்டால் மாதக் கடைசியில் தொழிற்சாலைக்குப் பூட்டு. தொழிற்சாலை என்பது ஒரு பெரிய தகரக் கொட்டகைதான், ஆனாலும் பூட்டு பூட்டுதானே.

அதனால் காலையிலிருந்தே தடபுடல். வாசலில் கார்களுக்கு சார்ஜ் ஏற்றும் மிஷின்களையெல்லாம் பளபளவென்று துடைத்தாயிற்று. அவற்றை ஒட்டி மனைவி நடத்திய சின்னக் காபிக் கடைதான் அவர் கண்ணை உறுத்தியது.

"இன்னிக்கு ஒரு நாள் மூடேன். கோடிக்கணக்குல பேச வர்றார். இங்க நீ ஆம்லெட்டைப் புரட்டிக்கிட்டு நின்னா கம்பெனி மானம் என்ன ஆகறது?"

"உங்க மானத்தைக் காப்பாத்தறதே இந்த ஆம்லெட்தான். சார்ஜ் ஏறக் காத்துக் கிடக்கறவங்க உங்களை அடிக்க வராம இருக்கணும்னுதானே கடையே போட்டேன்?"

வாயில் அவளை ஜெயித்தவர் யாருமில்லை. எனவே கடையை மறைத்து ஒரு பெரிய பேனரைக் கட்டினார். 'இனி காத்திருக்க வேண்டாம்!' என்று அதில் ஆளுயர எழுத்து.

"எங்க வண்டி சத்தம் போடாது, புகை விடாது சார்" என்று இப்போது மூச்சுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தார். "பெட்ரோலுக்கு ஆகற செலவுல கால்வாசி போதும். இன்னும் பத்து வருஷத்துல பெட்ரோல் காரை மியூசியத்துலதான் பார்க்கணும்."

"அதுக்குள்ள அங்க எனக்கும் ஒரு இடம் பார்த்துடுவாங்க. அது கிடக்கட்டும். பெட்ரோல் கார் உங்களை எதுல ஜெயிக்குது? அதைச் சொல்லுங்க."

கார்க்காரர் குரலைத் தாழ்த்தினார். "ஒரே ஒரு விஷயம்தான் சார். அவன் அஞ்சு நிமிஷத்துல பெட்ரோல் போட்டுட்டுப் போயிடறான். நம்ம வண்டிக்கு சார்ஜ் ஏற முக்கால் மணி ஆகுது."

"முக்கால் மணி" என்று முதலீட்டாளர் மெதுவாகச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து ஒரு குடும்பம் வந்து காரை மிஷினில் மாட்டியது. குழந்தை குட்டியோடு பேனரை விலக்கிக்கொண்டு நேரே உள்ளே போனது. உள்ளேயிருந்து ஒருவர் வாயைத் துடைத்தபடி, கக்கத்தில் ஒரு கேக் பெட்டியோடு வெளியே வந்தார். முதலீட்டாளர் மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார்.

கார்க்காரர் பாய்ந்து போய்ப் பேனருக்கு முன்னால் இரண்டு கையையும் விரித்து நின்றார். "ஒண்ணுமில்ல சார். ஜனங்க சும்மா, பொழுது போகாம..."

இனி நம்மால் ஆகாது என்று தன் மச்சினனுக்குக் கண் காட்டினார். கம்பெனியின் என்ஜினியர் அவன்தான்.

"புது சார்ஜர் ஒண்ணு பண்ணிட்டிருக்கேன் சார்" என்றான் மச்சினன். "வர்ற வருஷம் பத்தே நிமிஷம். வண்டியை விட்டு இறங்கவே வேண்டாம்."

முதலீட்டாளரின் முகம் விளக்கெண்ணெய் குடித்த மாதிரி ஆனது. ஆள் நம்பவில்லை என்று நினைத்த கார்க்காரர், மச்சினனின் முதுகில் நறுக்கென்று கிள்ளினார். "தைரியமா சொல்லுடா!"

"ஏழு நிமிஷம்கூட ஆகலாம் சார்!"

முகம் இன்னும் கறுத்தது. "கொஞ்சம் கை கழுவணும்" என்று முதலீட்டாளர் பேனரை விலக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டார்.

போனவர் வரவில்லை. உள்ளே முட்டை பொரியும் சத்தமும் மனைவியின் சிரிப்பும் கேட்டன. மானம் மொத்தமாகக் கப்பலேறிவிட்டது என்று கார்க்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். தெரிந்த சாமி, தெரியாத சாமி எல்லோரையும் கூப்பிட்டுப் பார்த்தார். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

ஒரு வழியாக முதலீட்டாளர் வெளியே வந்தார். மீசையில் கேக் துகள்.

"பணம் போடறேன்" என்றார்.

கார்க்காரர் துள்ளி எழுந்தார். இத்தனை வருஷமாக இந்த ஒரு வார்த்தைக்குத்தானே தவம் கிடந்தார்! அடக்கி வைத்த கண்ணீர் சந்தோஷமாகவே வழிந்தது.

"ஊரெல்லாம் உங்க கார்தான் ஓடணும். அது ஓடினாத்தான் நமக்குப் பொழப்பு. ஆனா ஒப்பந்தத்துல உங்க வீட்டம்மாதான் கையெழுத்துப் போடணும்."

"தாராளமா போடச் சொல்றேன் சார்! ராசிக்காரி அவ!"

பேனருக்குப் பின்னாலிருந்து கரண்டியும் கையுமாக எட்டிப் பார்த்த ராசிக்காரி, சிரிப்பை அடக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

கார்க்காரர் இரண்டு கையையும் நீட்டினார். முதலீட்டாளர் அவசரமாகக் குலுக்கிவிட்டு நேரே மச்சினனிடம் போனார். அவன் தோளில் கை போட்டு, கெஞ்சாத குறையாகச் சொன்னார்:

"தம்பி, அந்தப் புது சார்ஜரை மட்டும் கண்டுபிடிச்சுத் தொலைச்சிடாதீங்க!"