பகலில் பச்சை

டாலர் பச்சையாக இருந்தது.

பெயின்ட் அட்டையை விளக்குப் பெட்டிக்குள் வைக்கக் குனிந்தபோது சங்கிலி கோட்டுக்கு வெளியே நழுவி, பெட்டியின் பகல் வெளிச்சத்தில் ஆடியது. நேற்று ராத்திரி, படுக்கையறையின் மஞ்சள் பல்புக்குக் கீழே கணவன் போட்டுவிட்டபோது அது மாதுளை முத்து மாதிரி சிவப்பு.

கல்யாண நாள் பரிசு. சிவப்பைப் பார்த்ததும் ஜனவரியில் பிறந்தவர்களுக்கான கார்னெட் கல் என்று நினைத்துக்கொண்டாள். அவள் ஜனவரிக்காரி.

பெட்டியின் சுவிட்சை மாற்றினாள். வீட்டு பல்ப்: சிவப்பு. மறுபடி பகல்: பச்சை.

பெயின்ட் கம்பெனியில் அவள் வேலையே இதுதான். ஒரே நிறம்போல் தெரியும் இரண்டு அட்டைகள் எந்த வெளிச்சத்திலும் ஒன்றாகவே இருக்கின்றனவா என்று பார்ப்பது. வெளிச்சத்துக்கு ஒரு முகம் காட்டும் அட்டையை ஒதுக்கிவிடுவாள்.

இதை எங்கே ஒதுக்குவது?

என்ன கல் என்று அவளுக்குத் தெரியும். முன்பு எப்போதோ கடைக் கற்களைப் பற்றி அவன் சொல்லித்தான் தெரியும். அலெக்ஸாண்ட்ரைட். பகலில் பச்சை, விளக்கில் சிவப்பு. ஜூனில் பிறந்தவர்களுக்கான கல்.

மாதம் அவனுக்குத் தப்பவே தப்பாது. நகைக்கடையில் பிறந்தமாதக் கற்கள் விற்பவன். அவளை முதலில் பார்த்த அன்றுகூட, பெயரைக் கேட்பதற்கு முன்னால் "என்ன மாசம்?" என்றுதான் கேட்டான். அடுத்த வாரம் கார்னெட் தோடு வந்தது. அதைப் போட்டவர்கள் எவ்வளவு தூரம் போனாலும் பத்திரமாக வீடு வந்து சேருவார்களாம்.

"கதை சொன்னாத்தான் கல்லு விக்கும்" என்று கண்ணடிப்பான். ஆனால் அவள் பயணம் கிளம்பும்போதெல்லாம் அவன் பார்வை அவள் காதுக்குத்தான் போகும்.

ஜூன் கல்லுக்கும் ஒரு கதை வைத்திருந்தான். அது இருக்கும் இடத்துக்கு எது வந்தாலும் அங்கேயே தங்கிவிடுமாம்.

யாரைத் தங்கவைக்க?

கையில் இருந்த அட்டைக்குச் சரி என்று முத்திரை குத்தினாள். பிறகுதான் அது காலையில் அவளே ஒதுக்கிய அட்டை என்று தெரிந்தது. அழித்தாள். எழுந்தாள். ஜன்னல் வரை போய்க் கல்லை வெயிலில் பிடித்துப் பார்த்தாள். பச்சை. திரும்பி வந்து உட்கார்ந்தாள். கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது.

கொஞ்ச நாளாகவே அவன் போக்கு சரியில்லை. வாயில் ஒரு சேதி தங்காதவன், இப்போதெல்லாம் வீட்டுக்கு வந்தால் பேசுவதேயில்லை. எதையோ சொல்ல வாயெடுக்கிறான். பிறகு தண்ணீரைக் குடித்துவிட்டு எழுந்து போய்விடுகிறான். கண் திறப்பதற்கு முன்பே காபி தேடுகிறவன், 'வெளியில குடிச்சுக்கிறேன்' என்று காலையிலேயே கிளம்பிவிடுகிறான். வீட்டில் காபி போட்டே நாளாகிறது.

வெளியில் யாரோடு?

போனை எடுத்தாள், வைத்தாள். கேட்டுவிடலாம். 'நீ மட்டும் எல்லாத்தையும் சொல்றியா?' என்று திருப்பிக் கேட்டால்? அவளிடமும் சொல்லாத ஒன்று இருந்தது. இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்று வைத்திருந்தாள்.

பக்கத்து மேசை அக்கா பெட்டிக்குள் எட்டிப் பார்த்தாள்.

"என்னடி இது, புருஷன் குடுத்த கல்லையும் டெஸ்டுக்குப் போட்டுட்டியா? உனக்காவது கழுத்துல தொங்குது. எங்க வீட்டுக்காரர் சேத்து வச்ச கல்லெல்லாம் அவர் கிட்னியில இருக்கு."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

"இது ஜூன் கல்லுக்கா. நான் ஜனவரி. எங்க பக்கத்துலயும் சரி, அவர் பக்கத்துலயும் சரி, ஜூன்ல பொறந்தவங்க ஒருத்தர்கூட இல்ல."

கடைசிச் சொல்லில் குரல் உடைந்தது.

அக்காவின் முகத்திலிருந்து கேலி போய்விட்டது. மேசைமேல் திறந்திருந்த, நெடியடிக்கும் தின்னர் டப்பாவை அக்கா எடுத்து, மூடியை இறுக்கித் தன் பக்கம் வைத்துக்கொண்டாள். சில வாரங்களாக தின்னர் கலக்கும் வேலையை அக்காவேதான் செய்கிறாள். செய்யச் சொல்லி அவள் கேட்கவில்லை. அக்காவும் ஏன் என்று சொல்லவில்லை.

"டாக்டர் உனக்கு எந்த மாசம் பிரசவம்னு சொல்லியிருக்காங்க?"

அவள் நிமிர்ந்தாள். யாரிடமும் மூச்சுவிடவில்லையே.

முன்பு இரண்டு தடவையும் அவனிடம் சொன்ன அன்றைக்கே தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது. பிறகு ஒவ்வொருவராக விசாரிக்க விசாரிக்க, ஒவ்வொருவரிடமும் 'இல்லை' என்று சொல்ல வேண்டியிருந்தது. அதனால்தான் இந்தத் தடவை அவனுக்கும் சொல்லவில்லை. டாக்டர் மாதத்தைச் சொன்னபோதுகூட, அதைக் காதில் வாங்கினால் நழுவிவிடுமோ என்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். போன நாட்களை மட்டுமே எண்ணினாள். வரப்போகும் மாதங்களை எண்ணவே இல்லை.

இப்போது எண்ணினாள். விரல் கணுக்களில், மெதுவாக, அவன் கடையில் எண்ணுகிற மாதிரி.

விரல் ஜூனில் வந்து நின்றது. டாலரை எடுத்துக் கோட்டுக்குள் விட்டுக்கொண்டாள். கால் ஆடுவது நின்றிருந்தது.

காபி வாசம் குமட்டுகிறது என்று அவனிடம் அவள் ஒருநாளும் சொன்னதில்லை.